ஆலைப் பாதுகாப்பு டிரிப்களுக்கு எஸ்.ஐ.எல். நிர்ணயித்தல்: முழுமையான வழிகாட்டி

அழுத்தம், வெப்பநிலை, திரவ மட்டம் போன்றவை எல்லை மீறும்போது ஆலையைத் தானாக நிறுத்தும் டிரிப் ஒவ்வொன்றும் எந்த அளவுக்கு நம்பகமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதற்கான வழிகாட்டி இது. ரசாயனம், எண்ணெய், எரிவாயு போன்ற ஆலைகளுக்கான ஐ.இ.சி. 61511 தரநிலை, இந்த நம்பகத்தன்மையை எஸ்.ஐ.எல். (Safety Integrity Level, பாதுகாப்பு நம்பகத்தன்மை நிலை) 1 முதல் 4 வரை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. தனித்த இயந்திரங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 13849, ஐ.இ.சி. 62061 ஆகிய தரநிலைகள் இருக்கின்றன; அவற்றின் வழிமுறை வேறு என்பதால் இங்கே சேர்க்கப்படவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் கணக்கில் தடுமாறுவது அரிது. கணக்கு பெருக்கலும் கூட்டலும்தான். அவர்கள் தடுமாறுவது வரிசையில். “இது எஸ்.ஐ.எல். 2ஆகத்தான் வரும்” என்று முதலிலேயே மனத்தில் வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் எண்களைப் பின்னர் தேடுகிறார்கள். கீழே உள்ள படிகளை எழுதியுள்ள வரிசையிலேயே செய்தால் அந்தச் சறுக்கலுக்குப் பெரிதும் இடமிருக்காது.

1. கூட்டத்துக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஹேசாப் (HAZOP, ஆலையில் எது எப்படித் தவறலாம் என்பதைப் பகுதி பகுதியாக ஆராயும் ஆய்வு) அறிக்கை முடிந்து, அதன் பரிந்துரைகளுக்குப் பதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எந்த ஆபத்துக்காக எந்த டிரிப் வைக்கப்பட்டது என்பது அங்கிருந்துதான் கிடைக்கிறது. ஹேசாப் பாதியில் நிற்கும்போது எஸ்.ஐ.எல். கூட்டத்தைத் தொடங்கினால், அதுவே இன்னொரு ஹேசாப்பாக மாறி நாள்கள் வீணாகும்.

குழாய் மற்றும் கருவி வரைபடங்கள், ஆலை இப்போது இருக்கும் நிலையைக் காட்ட வேண்டும். வடிவமைப்புக் காலத்துப் பிரதியில் தனியாகத் தெரியும் இரண்டு கருவிகள், களத்தில் ஒரே குழாய் முனையைப் பகிர்ந்துகொண்டிருக்கக்கூடும். ஆறாம் படியில் இது முடிவையே மாற்றும்.

நிர்வாகம் கையெழுத்திட்ட தாங்கத்தக்க இடர் அளவுகோலும் தேவை. ஒரு உயிரிழப்பு, பல உயிரிழப்புகள், சுற்றுச்சூழல் சேதம் ஆகியவை ஆண்டுக்கு எவ்வளவு அரிதாக இருந்தால் நிறுவனம் ஏற்கும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இதை முடிவு செய்தால், வேண்டிய விடைக்கு ஏற்ப அளவுகோலே வளைந்துவிடும்.

ஆட்களைப் பொறுத்தவரை, செயல்முறைப் பொறியாளர், கருவிப் பொறியாளர், பராமரிப்புப் பொறுப்பாளர், கூட்டத்தை நடத்துபவர் ஆகியோருடன், ஷிப்டில் வேலை செய்யும் ஆபரேட்டர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அலாரம் அடித்தால் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை அறையில் அவர் ஒருவரே சொல்ல முடியும்.

2. பாதுகாப்புச் செயல்பாட்டை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

எஸ்.ஐ.எல். என்பது கருவிக்கு உரியதன்று, செயல்பாட்டுக்கு உரியது. “இந்த டிரான்ஸ்மிட்டருக்கு என்ன எஸ்.ஐ.எல்.?” என்ற கேள்விக்கு விடை கிடையாது. அளக்கும் சென்சார், முடிவெடுக்கும் லாஜிக் சால்வர், செயலை நிறைவேற்றும் வால்வு அல்லது மோட்டார் பிரேக்கர் ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஒரு செயல்பாடு.

ஒரு மாதிரி: “தொட்டியின் மட்டம் குறித்த உயரத்தைத் தாண்டினால், உள்வரும் குழாயின் அவசர வால்வை 60 வினாடிக்குள் மூட வேண்டும், வால்வு மூடிய நிலையே பாதுகாப்பான நிலை.” எதை அளப்பது, எந்த அளவில் செயல்படுவது, எதை மூடுவது, எவ்வளவு நேரத்தில், முடிவில் ஆலை எந்த நிலையில் நிற்கும் என்ற ஐந்தும் இதில் உள்ளன.

டிரிப் நேரும்போது ஒரே சமயத்தில் பம்ப் நிற்கும், நான்கு வால்வுகள் மூடும், ஃபேன் ஓடத் தொடங்கும். இவை அனைத்தையும் செயல்பாட்டில் சேர்த்துவிடுவது வழக்கமான பிழை. ஆபத்தைத் தடுக்க எது கட்டாயமோ அதை மட்டும் சேர்க்க வேண்டும். மற்றவை ஆலையை ஒழுங்காக நிறுத்த உதவுபவை. எல்லாவற்றையும் சேர்த்தால் கடைசிக் கணக்கில் எந்த வடிவமைப்பும் தேறாது.

3. விளைவை, டிரிப்பே இல்லை என்று கொண்டு எழுதுங்கள்

அடுத்தது, அந்த டிரிப்பும் மற்றப் பாதுகாப்புகளும் இல்லாவிட்டால் நிகழ்ச்சி எங்கே போய் முடியும் என்பதை எழுதுவது. “தொட்டி நிரம்பி வழியும்” என்பது விளைவன்று, நடுவழி. “பெட்ரோல் வழிந்து, ஆவி மேகம் உருவாகி, தீப்பற்றி, அருகில் இருப்பவர் உயிரிழக்கலாம்” என்று ஆளுக்கு என்ன நேரும் என்பது வரை செல்ல வேண்டும்.

ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிகும்போது தானாகத் திறக்கும் வால்வு) திறந்துவிடும், டைக் சுவர் (தொட்டியைச் சுற்றியுள்ள தடுப்புச் சுவர்) தாங்கிக்கொள்ளும் என்று மனத்துக்குள் கழித்துவிட்டு விளைவைச் சிறிதாக எழுதுபவர்கள் அதிகம். அதே ரிலீஃப் வால்வை ஆறாம் படியில் மறுபடியும் ஒரு பாதுகாப்பு அடுக்காக எண்ணுவார்கள். ஒரே பாதுகாப்பு இரண்டு முறை கணக்கில் ஏறும்போது தாளில் இடர் குறைகிறது, ஆலையில் குறைவதில்லை.

4. முறையைத் தேர்ந்தெடுங்கள்

ஐ.இ.சி. 61511இன் மூன்றாம் பகுதி பல முறைகளை விளக்குகிறது. நடைமுறையில் அதிகம் பயன்படுபவை இரண்டு: ரிஸ்க் கிராஃப், லோப்பா எனப்படும் பாதுகாப்பு அடுக்குப் பகுப்பாய்வு.

ரிஸ்க் கிராஃப்பில் விளைவின் கடுமை, ஆள் அங்கே இருக்கும் வாய்ப்பு, தப்பிக்கும் வாய்ப்பு, டிரிப் இல்லாவிட்டால் அந்த நிகழ்ச்சி எவ்வளவு அடிக்கடி வரும் என்ற நான்கு கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டே போனால் எஸ்.ஐ.எல். கிடைக்கும். வேகமானது, நூற்றுக்கணக்கான டிரிப்களை முதலில் சலித்தெடுக்க ஏற்றது. ஆனால் ஒவ்வொரு விடையும் ஏறத்தாழப் பத்து மடங்கு அகலமான பட்டை என்பதால், நிறுவனத்தின் அளவுகோலுக்கேற்ப அந்த வரைபடத்தை முதலில் அளவுதிருத்தம் செய்தாக வேண்டும். வேறொரு ஆலையின் வரைபடத்தை அப்படியே எடுத்துவந்து பயன்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

லோப்பாவில் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒவ்வொரு அடுக்குக்கும் தனி எண் எழுதப்படுவதால், யார் எந்த ஊகத்தைச் செய்தார் என்பது பின்னர் தெரியும். ரிஸ்க் கிராஃப்பில் எஸ்.ஐ.எல். 2 அல்லது அதற்கு மேல் வருபவற்றை லோப்பாவில் மறுபடி பார்ப்பது நல்ல வழக்கம். பாதுகாப்புகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் நிலையில் லோப்பாவும் போதாது. அங்கே ஃபால்ட் ட்ரீ, அதாவது எந்தெந்தப் பழுதுகள் சேர்ந்தால் விபத்து வரும் என்பதைக் காட்டும் கிளை வரைபடம், வரைய வேண்டும். இனி வரும் படிகள் லோப்பாவைப் பின்பற்றுகின்றன.

5. தொடக்கக் காரணங்களை ஒன்று விடாமல் எழுதுங்கள்

ஒரே விளைவுக்குப் பல காரணங்கள் இருக்கும். கட்டுப்பாட்டு லூப் (மட்டம் போன்றவற்றை அளந்து, வால்வைத் தானாக இயக்கிச் சீராக வைக்கும் அமைப்பு) பழுதாகலாம், ஆபரேட்டர் தவறான வால்வைத் திறக்கலாம், பம்ப் நிற்கலாம். ஒவ்வொன்றையும் தனி வரியில் எழுதி, ஆண்டுக்கு எத்தனை முறை என்பதைக் குறிக்க வேண்டும்.

சாதாரணக் கட்டுப்பாட்டு லூப்புக்கு ஆண்டுக்கு 0.1, அதாவது பத்து ஆண்டுக்கு ஒரு முறை என்பதே வழக்கமான எண். மனிதத் தவறுக்கு, அந்த வேலை ஆண்டில் எத்தனை முறை செய்யப்படுகிறது என்பதைத் தவறும் வாய்ப்பால் பெருக்க வேண்டும். வேலையின் எண்ணிக்கையை மறந்து வாய்ப்பை மட்டும் எழுதிவிடுவது இங்கே அடிக்கடி காணும் பிழை.

ஆலையின் பராமரிப்புப் பதிவேடு பொது அட்டவணையைவிட மோசமான எண்ணைக் காட்டினால், பதிவேட்டைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பதிவேடு சிறப்பாகக் காட்டினால் மட்டும் இரண்டு முறை யோசியுங்கள்; பெரும்பாலும் பழுதுகள் பதிவாகவில்லை என்பதே காரணமாக இருக்கும்.

6. பாதுகாப்பு அடுக்குகள்: சார்பின்மையைச் சோதியுங்கள்

கூட்ட நேரத்தில் பாதியை இந்தப் படிக்குக் கொடுத்தாலும் தகும். ஒரு பாதுகாப்பை அடுக்காக எண்ணுவதற்கு மூன்று தகுதிகள் வேண்டும். அந்த நிகழ்ச்சியை அது தனியாகவே தடுக்க முடிய வேண்டும். தொடக்கக் காரணத்தையும் மற்ற அடுக்குகளையும் அது சாராதிருக்க வேண்டும். அது வேலை செய்கிறதா என்பதைச் சோதித்துப் பதிவு செய்ய முடிய வேண்டும்.

விரலை வரைபடத்தில் வைத்து, கருவியிலிருந்து தொடங்குங்கள். குழாய் முனை, டிரான்ஸ்மிட்டர், கேபிள், இன்புட் கார்டு, கன்ட்ரோலர், அவுட்புட் கார்டு, சோலினாய்டு (வால்வுக்குச் செல்லும் காற்றைத் திறந்து மூடும் மின் கருவி), வால்வு, காற்று சப்ளை என்று கடைசி வரை சென்று, தொடக்கக் காரணத்தின் பாதையோடு எங்காவது தொடுகிறதா என்று பாருங்கள். கட்டுப்பாட்டு லூப்பின் டிரான்ஸ்மிட்டரே பழுதாகித் தவறான மட்டத்தைக் காட்டினால், அதே டிரான்ஸ்மிட்டரிலிருந்து வரும் உயர்மட்ட அலாரமும் வாய் திறக்காது. அந்தக் காரணத்துக்கு எதிராக அந்த அலாரத்தின் மதிப்பு பூஜ்யம்.

2005 டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் நடந்தது இதுவே. 912ஆம் எண் தொட்டியில் பெட்ரோல் நிரம்பிக்கொண்டிருந்தபோது மட்டமானியின் அளவு ஓரிடத்தில் நின்றுவிட்டது. அதைச் சார்ந்த அலாரங்களும் அடிக்கவில்லை. தனியாக இருந்த உயர்மட்ட ஸ்விட்ச் மட்டுமே மிஞ்சியது. அதன் சோதனை நெம்புகோலைச் சரியான நிலையில் நிறுத்தி வைக்க ஒரு பூட்டு தேவைப்பட்டது. அந்தப் பூட்டு மாட்டப்படவில்லை என்பதால் ஸ்விட்ச்சும் செயல்படவில்லை. சார்பற்ற அடுக்கு இருந்தும், அது செயல்படும் நிலையில் இருப்பதை உறுதி செய்யாவிட்டால் பயனில்லை என்பதால்தான் மூன்றாவது தகுதி முதல் இரண்டுக்குச் சமமானது.

ஆபரேட்டர் அலாரத்துக்குப் பதில் தருவதை அடுக்காக எண்ண, தவறும் வாய்ப்பு 0.1 என்று வைப்பது வழக்கம். அதற்கும் நேரம் இருக்க வேண்டும். அலாரம் அடித்ததிலிருந்து டிரிப் மட்டம் வரை பத்து நிமிடமாவது இல்லாவிட்டால் நான் அந்த மதிப்பைக் கொடுப்பதில்லை. தொடக்கத் தவறைச் செய்த அதே ஆள்தான் அலாரத்துக்கும் பதில் தர வேண்டும் என்றால் அப்போதும் கொடுக்கக் கூடாது.

பாதுகாப்பு அமைப்புக்கான விதிகளின்படி கட்டப்படாத சாதாரணக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு, ஓர் அடுக்காகப் பத்து மடங்குக்கு மேல் இடர்க்குறைப்பு கோர 61511 இடம் தருவதில்லை.

7. தீப்பற்றும் வாய்ப்பு, ஆள் இருக்கும் வாய்ப்பு

வழிந்த திரவம் தீப்பற்றுவதற்கும், அப்போது ஆள் அருகில் இருப்பதற்கும் ஒன்றுக்குக் குறைவான எண்களைப் பெருக்கலாம். விடையை மிக எளிதாகச் சுருக்கும் இடம் இது என்பதால் ஒவ்வொரு எண்ணுக்கும் காரணம் எழுதப்பட வேண்டும்.

ஒரு நாளில் ஆள் அங்கே இருக்கும் நேரத்தின் சராசரியை அப்படியே போடுவது தவறு. அலாரம் அடித்தால் “போய்ப் பார்த்துவிட்டு வா” என்று களப்பணியாளரை அனுப்பும் பழக்கம் உள்ள ஆலையில், விபத்து நேரத்தில் ஆள் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்று. ஆலையைத் தொடங்கும்போது மட்டும் வரும் ஆபத்துகளுக்கும் இதே நிலைதான். அப்போதுதான் எல்லோரும் களத்தில் நிற்பார்கள்.

8. கணக்கு: ஒரு தொட்டியை வைத்து

கீழுள்ள எண்கள் முறையைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. தொட்டி வழிந்து ஓர் உயிரிழப்பு. தாங்கத்தக்க அளவு ஆண்டுக்கு 0.00001. தீப்பற்றும் வாய்ப்பு 0.3. ஆள் இருக்கும் வாய்ப்பு 0.2.

முதல் காரணம், மட்டமானி பழுது: ஆண்டுக்கு 0.1. அலாரம் அதே மட்டமானியிலிருந்து வருவதால் மதிப்பில்லை. எனவே 0.1 × 0.3 × 0.2 = 0.006.

இரண்டாம் காரணம், தொட்டியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைத் தவறாகக் கணித்தல்: ஆண்டுக்கு 20 நிரப்பல், ஒவ்வொன்றிலும் தவறும் வாய்ப்பு 0.01, ஆக 0.2. மட்டமானி நன்றாக இருப்பதால் அலாரம் அடிக்கும். பதில் தருபவர் கட்டுப்பாட்டு அறையில் உள்ள வேறொருவர். எனவே 0.2 × 0.1 × 0.3 × 0.2 = 0.0012.

டைக் சுவர் திரவத்தைத் தடுக்கும், ஆவி மேகத்தைத் தடுக்காது. அதனால் அதற்கு மதிப்பு கொடுக்கவில்லை.

இரண்டையும் கூட்டினால் 0.0072. தாங்கத்தக்க அளவால் வகுத்தால் 720. அதாவது டிரிப் இடரை 720 மடங்கு குறைக்க வேண்டும். எஸ்.ஐ.எல். 1 என்பது 10 முதல் 100 மடங்கு, எஸ்.ஐ.எல். 2 என்பது 100 முதல் 1,000, எஸ்.ஐ.எல். 3 என்பது 1,000 முதல் 10,000. ஆகவே எஸ்.ஐ.எல். 2.

முதல் காரணத்துக்கும் அலாரத்தை எண்ணியிருந்தால் விடை 180 என்று வந்திருக்கும். அதுவும் எஸ்.ஐ.எல். 2தான், அறிக்கையில் நிலையை மட்டும் எழுதினால் இந்தப் பிழை யார் கண்ணிலும் படாது. ஆள் இருக்கும் வாய்ப்பை ஒன்று என்று வைத்தால் 3,600, அதாவது எஸ்.ஐ.எல். 3. எந்த ஊகம் விடையை அடுத்த நிலைக்குத் தள்ளுகிறது என்று இப்படி மாற்றிப் பார்த்து, அந்த ஊகத்துக்கு மட்டும் கூடுதல் ஆதாரம் தேடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

காரணங்களைக் கூட்டாமல் பெரியதை மட்டும் எடுத்துக்கொள்வது மற்றொரு பிழை. டிரிப் எல்லாக் காரணங்களுக்கும் சேர்த்துத்தான் நிற்கிறது.

9. டிமாண்ட் எவ்வளவு அடிக்கடி வருகிறது

மேலே உள்ள மடங்குக் கணக்கு, டிரிப் ஆண்டுக்கு ஒரு முறைக்கு மிகாமல் செயல்பட வேண்டியிருக்கும் நிலைக்கு மட்டுமே பொருந்தும். நமது தொட்டியில் அது, மட்டமானிப் பழுதால் 0.1, அலாரத்தையும் தாண்டி வரும் தவறான கணிப்பால் 0.2 × 0.1 = 0.02, ஆக 0.12, சிக்கலில்லை.

ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை செயல்பட வேண்டிய டிரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மறைந்த பழுது (சோதித்தால் மட்டுமே தெரியவரும் பழுது) ஆண்டுக்கு 0.01, சோதனை ஆண்டுக்கு ஒரு முறை என்றால், செயல்படத் தவறும் சராசரி வாய்ப்பு 0.005. இதை 12ஆல் பெருக்கினால் 0.06. ஆண்டுக்கு 0.01 முறை பழுதாகும் கருவியால் 0.06 விபத்து வர முடியாது. இத்தகைய டிரிப்புக்கு மணிக்கு எத்தனை ஆபத்தான பழுது என்ற அளவைத்தான் பயன்படுத்த வேண்டும். அந்த அளவில் எஸ்.ஐ.எல். 2 என்பது மணிக்கு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கோடியில் ஒன்றுக்கும் இடைப்பட்டது.

10. வடிவமைப்பு தேறுகிறதா என்று சரிபாருங்கள்

ஒற்றைக் கருவி செயல்படத் தவறும் சராசரி வாய்ப்பு, மறைந்த ஆபத்தான பழுதின் வீதத்தைச் சோதனை இடைவெளியால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தோராயமாகக் கிடைக்கும். இரண்டால் வகுப்பதற்குக் காரணம், பழுது இரண்டு சோதனைகளுக்கு நடுவே எப்போது வேண்டுமானாலும் வந்திருக்கலாம் என்பது.

ஓராண்டு என்பது 8,760 மணி. லெவல் ஸ்விட்ச்சின் வீதம் மணிக்கு 0.0000003 என்றால் வாய்ப்பு 0.0013. வால்வும் சோலினாய்டும் சேர்ந்து 0.0000015 என்றால் 0.0066. லாஜிக் சால்வர் 0.0001. கூட்டினால் 0.008, அதாவது 125 மடங்கு. எஸ்.ஐ.எல். 2 பட்டைக்குள் இருக்கிறது. ஆனால் நமக்குத் தேவை 720. “எஸ்.ஐ.எல். 2 வந்துவிட்டது” என்று கோப்பை மூடுபவர்கள் தவறுவது இங்கேதான்.

பங்குகளைப் பாருங்கள்: வால்வு மட்டும் மொத்தத்தில் எண்பது விழுக்காட்டுக்கு மேல். விலையுயர்ந்த லாஜிக் சால்வரை மாற்றுவதால் ஒன்றும் நகராது. தொடராக இரண்டு வால்வுகள் வைத்து, இரண்டும் ஒரே காரணத்தால் பழுதாகும் பங்கை பத்து விழுக்காடு என்று கொண்டால், அந்தப் பகுதி 0.0007 ஆகக் குறைந்து மொத்தம் 470 மடங்கு வரை வருகிறது. ஸ்விட்ச்சையும் இரண்டாக்கி, எது காட்டினாலும் டிரிப் என்று வைத்தால் 1,050 மடங்கு. இப்போது தேறும்.

ஒரே காரணப் பழுதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் இரட்டை வால்வு பத்து மடங்குக்கு மேல் சிறப்பாகத் தோன்றும். இரண்டுக்கும் ஒரே அசுத்தமான காற்று செல்லும் ஆலையில் அந்தத் தோற்றத்தை நம்ப முடியாது.

மடங்கு மட்டும் போதாது; எத்தனை கருவிகள் மாற்றாக இருக்க வேண்டும் என்பதற்கும் 61511 குறைந்தபட்ச வரம்பு வைக்கிறது. எஸ்.ஐ.எல். 3க்கு ஒரு பழுதைத் தாங்கும் அமைப்பு கட்டாயம். அதேபோல், கருவியின் சான்றிதழில் எஸ்.ஐ.எல். 3 என்று இருப்பதால் செயல்பாடு எஸ்.ஐ.எல். 3 ஆகிவிடாது.

11. பாதுகாப்புத் தேவை ஆவணத்தை எழுதுங்கள்

இதுவரை முடிவானவை அனைத்தும் ஓர் ஆவணத்தில் சேர வேண்டும். இரண்டாம் படியின் வாக்கியம், எஸ்.ஐ.எல்., தேவையான மடங்கு, டிரிப் அளவு, பதில் நேரம், சோதனை இடைவெளி, காற்றோ மின்சாரமோ போனால் வால்வு எந்த நிலைக்குச் செல்லும், பைபாஸ் போட (டிரிப்பைத் தற்காலிகமாகச் செயல்படாமல் வைக்க) யாருக்கு அனுமதி, பைபாஸ் இருக்கும்போது மாற்று ஏற்பாடு என்ன, ரீசெட் தானாகவா கையாலா, பொய் டிரிப் (ஆபத்து இல்லாதபோதே ஆலையை நிறுத்துவது) எவ்வளவு வரை தாங்கலாம் ஆகியவை எழுதப்பட வேண்டும்.

பதில் நேரத்தில் கவனம் தேவை. டிரிப் மட்டத்திலிருந்து வழியும் வரை 60 கன மீட்டர் இடமும், நிரப்பும் வேகம் மணிக்கு 300 கன மீட்டரும் என்றால், கையில் இருப்பது 12 நிமிடம். அதில் பாதிக்குள் டிரிப் முழுவதும் முடிந்துவிட வேண்டும் என்பது பரவலான விதி. பெரிய குழாய்களில் வால்வை மிக வேகமாக மூடினால் அழுத்த அதிர்ச்சி உண்டாகும். ஆகவே குறைந்தபட்ச நேரத்தையும் எழுதுங்கள்.

12. ஊகங்களை ஆலையோடு ஒப்பிடுங்கள்

கணக்கில் எழுதிய ஒவ்வொரு ஊகத்தையும் தனிப் பட்டியலாக எடுத்து, ஆலையை இயக்குபவர்களிடம் கொடுக்க வேண்டும்: ஆண்டுக்கு 20 நிரப்பல், அலாரத்துக்குப் பதில் தருபவர் வேறொருவர், ஓராண்டுக்கு ஒரு முழுச் சோதனை. நிரப்பல் 60 ஆக உயர்ந்தால் இரண்டாம் காரணத்தின் பங்கு 0.0036 ஆகி, தேவை 960 மடங்காகிறது. நமது வடிவமைப்பு அதையும் மயிரிழையில் தாங்கும். சோதனை ஒரு சில மாதம் தள்ளிப்போனால் தாங்காது.

சோதனை என்றால் சென்சாரிலிருந்து வால்வு வரை. லாஜிக்கில் சிக்னலைப் போலியாகக் கொடுத்துப் பார்ப்பது வால்வு இருக்கையில் படிந்த அழுக்கைக் காட்டாது. சோதனையில் கண்ட நிலையை, சரிசெய்வதற்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். துடைத்து எண்ணெய் போட்ட பிறகு “நன்றாக மூடுகிறது” என்று எழுதினால் பழுது வீதத்தை எங்கிருந்தும் பெற முடியாது. டிரிப் உண்மையாகச் செயல்பட்ட ஒவ்வொரு முறையையும் காரணத்தோடு பதிந்து, கணக்கில் வைத்த 0.12உடன் ஆண்டுதோறும் ஒப்பிடுங்கள். இரண்டு ஆண்டில் மூன்று முறை செயல்பட்டிருந்தால் ஐந்தாம் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.